45,000 ரூபாய் லேப்டாப் எனக்கு ஏன் விலை அதிகமாச்சு? ஆராய்ச்சி வேலைக்கு லேப்டாப் வாங்கும் கணக்கு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, வரி ரிட்டர்ன் இல்லை. லேப்டாப். "ஒரு ஆடிட்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு நீங்க கேக்கலாம். இருக்கு. தப்பா வாங்கிக் கொடுத்து, அந்த நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தவன் நான்.

ஆபீஸ் போய்க்கொண்டே பகுதி நேரமாக எம்.டெக் அல்லது பிஎச்.டி பண்றவங்க, லேபில் புராஜெக்ட் அசோசியேட்டாக இருப்பவங்க, டேட்டா சயின்ஸ் பக்கம் மாற நினைக்கிறவங்க, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். சம்பளம் அளவானது. வேலையோ கம்ப்யூட்டரைப் பிழிஞ்சு எடுக்கிற வேலை. இந்த ரெண்டையும் எப்படிச் சேர்க்கிறதுன்னு பார்ப்போம்.

நான் பண்ணின தப்பு

2022. என் தங்கச்சி ஒரு உயிரியல் ஆய்வகத்தில் ஜேஆர்எஃப் ஆகச் சேர்ந்தாள். அப்போது ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 31,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். 37,000 ஆனது 2023 ஜனவரி முதல்தான். "அண்ணா, ஒரு லேப்டாப் வேணும். டேட்டா அனாலிசிஸ் பண்ணணும்"னு கேட்டாள்.

நான் கேட்ட ஒரே கேள்வி: "பட்ஜெட் எவ்வளவு?" அவள் பதில் சொல்றதுக்குள்ள நானே 45,000னு எல்லை போட்டுட்டேன். ஒல்லியா, அழகா, எடை குறைவா ஒன்னு கிடைச்சது. 8 ஜிபி ரேம். பெருமையா வாங்கிக் கொடுத்தேன்.

நாலாவது மாசம் போன் வந்தது. "அண்ணா, நீ கணக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்த லேப்டாப், நான் கணக்குப் போட ஆரம்பிச்சா நின்னு போகுது." ரேம் ஏத்திக்கலாம்னு கடைக்கு எடுத்துட்டுப் போனாள். ரேம் போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டது, மாத்தவே முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் லேபில் எல்லாருக்கும் பொதுவா இருந்த ஒரு கம்ப்யூட்டர் காலியாகும் நேரத்துக்காக, ராத்திரி பத்து மணிக்கு மேல போய் உட்கார ஆரம்பிச்சாள். விடியற்காலை ரூமுக்குத் திரும்பினாள். ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் கடைசித் தேதியும் அப்படியே போச்சு. 14 மாசத்தில் அந்த லேப்டாப்பை 18,000க்கு வித்தோம்.

கணக்கு பாருங்க. 45,000 கழித்தல் 18,000. நஷ்டம் 27,000. அதை 14 மாசத்தால் வகுத்தால் மாசம் சுமார் 1,929 ரூபாய்.

அடுத்து வாங்கினது 66,000. ரெண்டு ரேம் ஸ்லாட் இருக்கிற, கொஞ்சம் தடிமனான மாடல். ரேமை 32 ஜிபி ஆக்க அன்னைக்கு 4,500 ஆச்சு. நடுவில் ஒரு பேட்டரி மாத்த 5,500னு வெச்சுக்கிட்டேன். ஐந்து வருஷம் கழிச்சு 12,000க்காவது போகும்னு எடுத்துக்கிட்டேன். மொத்தம் 76,000 கழித்தல் 12,000, அதாவது 64,000. 60 மாசத்தால் வகுத்தால் மாசம் சுமார் 1,067.

விலை குறைஞ்ச லேப்டாப்தான் மாசக் கணக்கில் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு செலவு. பில்லில் இருக்கும் தொகை விலை. செலவு என்பது, விலையோடு மேம்படுத்தலும் ரிப்பேரும் சேர்த்து, விற்கும் தொகையைக் கழித்து, உண்மையா உபயோகப்பட்ட மாதங்களால் வகுத்து வருவது. கம்பெனிகள் மெஷின் வாங்கும்போது நான் தினமும் பார்க்கிற கணக்கு இது. வீட்டுக்கு வந்ததும் மறந்துட்டேன்.

படி 1: கடைக்குப் போறதுக்கு முன்னாடி வேலையை அளங்க

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "பட்ஜெட் எவ்வளவு?" இல்லை. "உன் வேலைக்கு எவ்வளவு மெமரி வேணும்?" இதைக் கையாலேயே கணக்குப் போடலாம்.

அறிவியல் கணக்குகளில் ஒரு தசம எண்ணுக்குப் பொதுவாக 8 பைட் இடம் தேவை. என் தங்கச்சி பார்ப்பது செல்களில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்ற டேட்டா. மனிதனுக்குப் புரதம் உண்டாக்கும் ஜீன்கள் சுமார் 20,000. அவள் எடுத்த செல்கள் 20,000ன்னு வெச்சுப்போம். ஜீனுக்கு ஒரு வரிசை, செல்லுக்கு ஒரு பத்தி. மொத்தம் 40 கோடி எண்கள். எட்டால் பெருக்கினால் 320 கோடி பைட், அதாவது 3.2 ஜிபி.

"8 ஜிபி இருக்கே, 3.2 தானே?"ன்னு தோணும். இங்கதான் மாட்டிக்குவோம். இந்த டேட்டாவில் பூஜ்யம் அதிகம் என்பதால் முதலில் சுருக்கித்தான் வைப்பாங்க. ஆனா சில படிகளில் அது முழுசா விரியும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது இன்னொரு பிரதி உருவாகும். ரெண்டு பிரதிக்கே 6.4 ஜிபி. விண்டோஸும் பிரவுசரும் எடுத்துக்கிற இடம் தனி. ஆர் மாதிரி மென்பொருள் வேலை செய்யும் டேட்டாவை ரேமில்தான் வெச்சுக்கும். ரேம் நிரம்பினால் கம்ப்யூட்டர் எஸ்எஸ்டியைத் தற்காலிக மெமரியாக உபயோகிக்கும். அது ரேமை விட ரொம்ப மெதுவு. பத்து நிமிஷ வேலை ராத்திரி முழுக்க ஓடும், இல்லைன்னா பாதியில் நிக்கும்.

அதனால் வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. லேப் கம்ப்யூட்டரிலோ நண்பரோட லேப்டாப்பிலோ உங்க உண்மையான வேலையை ஒரு முறை ஓட்டுங்க. விண்டோஸ்னா டாஸ்க் மேனேஜரைத் திறந்து வெச்சுக்கிட்டு மூன்று விஷயம் குறிங்க:

- மெமரி அதிகபட்சமாக எவ்வளவு போச்சு?
- பிராசஸரின் எல்லா கோர்களும் ஓடிச்சா, இல்லை ஒன்று மட்டும் ஓடிச்சா?
- கிராபிக்ஸ் கார்டு அசைஞ்சதா, சும்மா இருந்ததா?

உச்ச அளவைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து ரெண்டு மடங்கு ரேம் வாங்கணும். இது என் கட்டைவிரல் விதி. உச்சம் 9 ஜிபின்னா 16 போதும். 14 ஜிபின்னா 32. இந்த ஒரு அளவு கையில் இருந்தா, கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்க ஆடமாட்டீங்க.

படி 2: பின்னாடி மாத்த முடியாததுக்குக் காசு போடுங்க

லேப்டாப்பில் பின்னாடி மாத்த முடியாதவை: பிராசஸர், கிராபிக்ஸ் சிப், குளிர்விக்கும் அமைப்பு, போர்டில் ஒட்டப்பட்ட ரேம். பின்னாடி மாத்திக்கக் கூடியவை: எஸ்எஸ்டி, ஸ்லாட்டில் இருக்கிற ரேம், பெரும்பாலும் பேட்டரி.

அதனால் இன்னைக்குப் பட்ஜெட் இடிச்சா எஸ்எஸ்டியில் குறைங்க. 512 ஜிபி எடுத்துட்டு அடுத்த வருஷம் ஏத்திக்கலாம். பிராசஸரிலும் குளிர்விப்பிலும் குறைக்காதீங்க.

ரேம் விவரத்தில் எல்பிடிடிஆர்னு ஆரம்பிச்சா, பெரும்பாலும் அது ஒட்டப்பட்ட ரேம். அப்படின்னா வாங்கும்போதே தேவையான முழு அளவையும் வாங்கிடணும். "சோடிம் ஸ்லாட் ரெண்டு இருக்கா?"ன்னு கடைக்காரர்கிட்ட இதே வார்த்தையில் கேளுங்க. ஒரே ஒரு ரேம் குச்சி போட்டிருந்தா, அதே அளவில் இன்னொன்று சேர்க்கும்போது மெமரிக்கான பாதை ரெண்டாகி வேகமும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளுவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையா ஏறியிருக்கு. நான் 4,500க்கு முடிச்ச கதை இன்னைக்குச் செல்லாது. 16 ஜிபி மாடல் விலையோடு இன்னொரு குச்சியின் இன்றைய விலையைக் கூட்டி, நேரடியா 32 ஜிபியோடு வரும் மாடலோடு ஒப்பிட்டுட்டு முடிவு பண்ணுங்க.

படி 3: ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீங்க

மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்க. இன்டெல்லில் யு என்று முடிந்தால் பொதுவாக 15 வாட் வகை. ஹெச் என்று முடிந்தால் 45 வாட் வகை. ஏஎம்டி ரைசனிலும் யு குறைந்த மின்சாரம், ஹெச்எஸ், ஹெச்எக்ஸ் அதிக மின்சாரம்.

எக்செல், மெயில், கோடு எழுதறதுக்கு யு தாராளம், பேட்டரியும் நிக்கும். ஆனா ரெண்டு மணி நேரம் எல்லாக் கோர்களும் ஓடும் சிமுலேஷனுக்கு, நல்லாக் குளிர்விக்கப்பட்ட ஐ5 ஹெச், ஒல்லி உடம்பில் இருக்கும் ஐ7 யுவை முந்தலாம். சூடானால் பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்கத் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதனால் விமர்சன வீடியோ பார்க்கும்போது முதல் ஒரு நிமிஷ ஸ்கோரை விட்டுடுங்க. அரை மணி நேரம் முழு சுமையில் ஓட்டின பிறகு வேகம் என்னன்னு பாருங்க.

"மேக்புக் ஏர் வாங்கலாமா?"ன்னு நிறைய பேர் கேக்கறீங்க. பேட்டரியும் வேகமும் அருமை. ஆனா அதில் ஃபேன் கிடையாது, நீண்ட சுமையில் வேகம் இறங்கும். ரேமை ஏத்த முடியாது. என்விடியாவின் கூடா ஓடாது. சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் மாதிரி விண்டோஸை நம்பின மென்பொருள் உங்க வேலைன்னா அதைத் தொடாதீங்க. பைத்தான், ஆர், எழுத்து வேலை, அடிக்கடி பயணம்னா தாராளமா யோசிக்கலாம்.

படி 4: கிராபிக்ஸ் கார்டு, அதிகக் காசு வீணாகிற இடம்

கேமிங் லேப்டாப் வாங்கினா ஆராய்ச்சிக்கும் ஆச்சு, பொழுதுபோக்கும் ஆச்சுன்னு நினைப்போம். நிதானமா பாருங்க.

டீப் லேர்னிங் செய்பவருக்கு என்விடியா கார்டு உண்மையிலேயே உதவும். குரோமேக்ஸ் மாதிரி மூலக்கூறு சிமுலேஷனுக்கும் உதவும். அங்கே கார்டின் சொந்த மெமரிதான் முக்கியம். 4 ஜிபி சீக்கிரம் தட்டும். ஆர்டிஎக்ஸ் 4050இல் 6, 4060இல் 8.

ஆனா சாதாரண ஆர், பாண்டாஸ் வேலை கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதே இல்லை. இன்னொன்று கடையில் யாரும் சொல்லமாட்டாங்க: துல்லியம் அதிகம் தேவைப்படும் இரட்டைத் துல்லியக் கணக்கில், இந்த விளையாட்டுக் கார்டுகளின் வேகம் சாதாரணத் துல்லிய வேகத்தில் 64இல் ஒரு பங்குதான். உங்க மென்பொருள் இரட்டைத் துல்லியம் கேட்டால், அந்தக் கார்டுக்குக் கொடுத்த காசில் பெரும்பகுதி சும்மா தூங்கும்.

பெயரை மட்டும் பார்க்காதீங்க. அதே ஆர்டிஎக்ஸ் 4060 ஒரு லேப்டாப்பில் 35 வாட்டிலும், இன்னொன்றில் 115 வாட்டிலும் ஓடலாம். வேகம் ஒன்றாக இருக்காது.

மாசத்தில் ரெண்டு நாள் மட்டும் பெரிய கார்டு தேவைன்னா சொந்தமா வாங்காதீங்க. கூகுள் கோலாப், காகிள் ரெண்டிலும் அளவோடு இலவச கிராபிக்ஸ் நேரம் கிடைக்கும். கல்வி நிறுவனத்தில் இருந்தால் அங்கே சர்வர் இருக்கான்னு கைடுகிட்ட கேளுங்க. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் திருச்சி என்ஐடியில் 2022இல் 838 டெராஃபிளாப்ஸ் திறனுள்ள பரம் பொருள் நிறுவப்பட்டது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் பரம் பிரவேகா இருக்கு. கோடு எழுதிச் சின்ன டேட்டாவில் சோதிக்க உங்க லேப்டாப், பெரிய ஓட்டத்துக்கு அங்கே. இந்தப் பழக்கம் வந்துட்டா லேப்டாப் பட்ஜெட் பாதியாகும்.

படி 5: உறுதி என்றால் என்ன?

விளம்பரத்தில் "ராணுவத் தரம், மில் எஸ்டிடி 810ஹெச்" என்று இருக்கும். அது ஒரு சோதனை முறைத் தொகுப்பு. அமெரிக்க ராணுவம் அந்த லேப்டாப்பைப் பரிசோதிச்சு முத்திரை குத்தினதா அர்த்தம் இல்லை. எந்தெந்தச் சோதனை செய்வது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கும். நல்ல விஷயம்தான், ஆனா அதுக்காக மட்டும் கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

ஐந்து வருஷம் உழைக்குமான்னு பார்க்க நான் இதைப் பார்ப்பேன்:

- மூடியை ஒரு மூலையில் பிடிச்சுத் திறந்தால் கீல் பக்கம் வளையுதா?
- பின் தட்டு சாதாரண ஸ்க்ரூவில் திறக்குமா? சர்வீஸ் கையேடு பொதுவில் கிடைக்குதா? திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் மாதிரி அலுவலக ரகங்களுக்குக் கிடைக்கும்.
- உங்க ஊரில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரன்டி உண்டா, இல்லை நீங்க தூக்கிட்டுப் போகணுமா?

வாங்கின பிறகு உங்க பங்கு: எப்பவும் சார்ஜரில் போட்டு ஓட்டுபவர்னா சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பைப் போடுங்க. வருஷத்துக்கு ஒரு முறை ஃபேன் தூசியைச் சுத்தம் பண்ணுங்க. மெத்தை மேல வெச்சு சிமுலேஷன் ஓட்டாதீங்க.

படி 6: பட்ஜெட்டுக்கு மூன்று வழி

50,000க்குள்: புது ஒல்லி லேப்டாப்பை விட, அலுவலக ரகத்தில் ரீஃபர்பிஷ்டு. இன்டெல்னா 8ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். அதுக்கு விண்டோஸ் 11 ஆதரவு இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிஞ்சுது. லினக்ஸ் மட்டும் போதும்னா பரவாயில்லை. வாங்கும்போது பேட்டரி ரிப்போர்ட் எடுங்க, பயாஸ் பாஸ்வேர்டு பூட்டு இல்லையான்னு பாருங்க, அரை மணி நேரம் முழு சுமையில் ஓட்டிப் பாருங்க, சீரியல் எண்ணோடு பில் வாங்குங்க. பில் தரமாட்டேன்னா கிளம்பிடுங்க.

60,000 முதல் 85,000 வரை: ஹெச் வகை பிராசஸர், ரெண்டு ரேம் ஸ்லாட், ரெண்டு ஃபேன் உள்ள புது லேப்டாப். நிறைய பேருக்கு இதுவே சரி.

ஒரே இடத்தில் தங்கி வேலை செய்பவர்: ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணிட்டு, உங்க பழைய லேப்டாப்பிலிருந்து அதில் நுழைஞ்சு வேலை பாருங்க. அதே காசுக்கு வேகமும் ஆயுளும் கூட. எதையும் கழற்றி மாத்தலாம்.

ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த ஆராய்ச்சி ஓட்டலாம்னு மட்டும் நினைக்காதீங்க. வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து பற்றிய வரியை முதலில் படிங்க.

படி 7: காசு கட்டும் விதம்

"நோ காஸ்ட் இஎம்ஐ" பற்றி ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிடுச்சு, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாதுன்னு. உதாரணம் பாருங்க. 90,000 ரூபாய் லேப்டாப், 12 தவணை, மாசம் 7,500. வங்கி வட்டி 15 சதவீதம் என்றால் கடன் சுமார் 83,095ஆகக் காட்டப்படும். மீதி 6,905 வட்டி. அந்த வட்டி உங்களுக்குத் தள்ளுபடியா வந்துடுது, சரி. ஆனா வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி 1,243 உங்க தலையில். செயல்பாட்டுக் கட்டணம் 199ன்னா ஜிஎஸ்டியோடு 235. மொத்தம் 1,478. மொத்தமாக் கட்டினால் கடையில் 3,000 குறைச்சிருப்பாங்கன்னா, அந்த "நோ காஸ்ட்" உண்மையில் 4,478 காஸ்ட். இதைத் தெரிஞ்சு எடுத்தால் தப்பில்லை. தெரியாம எடுக்காதீங்க.

வரி பற்றி. லேப்டாப் விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சம்பளக்காரர் அதைத் திரும்ப எடுக்க முடியாது, சம்பள வருமானத்தில் லேப்டாப் செலவைத் தனியாகக் கழிக்கவும் முடியாது. நிலையான கழிவு மட்டும்தான். தனியா ஃப்ரீலான்ஸ் தொழில் வருமானம் இருந்து கணக்கு எழுதறவங்கன்னா 40 சதவீதத் தேய்மானம் உண்டு. வாங்கின வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சா அதில் பாதி. சொந்த உபயோகத்தின் பங்கைக் கழிக்கணும். உத்தேச வருமான முறையில் 50 சதவீதம் காட்டுபவருக்குத் தேய்மானம் அதிலேயே அடக்கம், தனியாக் கேட்க முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: கம்பெனி தன் பழைய லேப்டாப்பை உங்களுக்கே கொடுத்தால், 2025-26 நிதியாண்டுக்கான விதிப்படி முழுசா முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் மதிப்பு 50 சதவீதம் குறையும். 80,000க்கு வாங்கினது மூணு வருஷத்தில் 40,000, 20,000, 10,000. நீங்க 4,000 கொடுத்து எடுத்தால் மீதி 6,000 மட்டும் உங்க வருமானத்தில் சேரும். ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க.

கடைசியா ஒரு வேலை

லேப்டாப் வாங்கின மாசமே 1,100 ரூபாய்க்கு ஒரு ஆர்டி ஆரம்பிங்க. 60 மாசத்தில் 66,000, வட்டி தனி. இந்த லேப்டாப் ஓய்வெடுக்கும்போது அடுத்ததுக்கு இஎம்ஐ தேவைப்படாது.

என் தங்கச்சி அந்த ஆர்டியைக் கட்டிட்டு வர்றாள். அவளோட 66,000 ரூபாய் லேப்டாப் இன்னும் ஓடுது. ராத்திரி பத்து மணிக்கு மேல லேபுக்குப் போறதை நிறுத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் முதல்லயே "என்ன வேலைம்மா?"ன்னு கேட்டிருந்தா அந்த 14 மாசம் மிச்சமாகியிருக்கும்.

நீங்க இந்த வார இறுதியில் உங்க வேலையை ஒரு முறை ஓட்டி, உச்ச மெமரி எவ்வளவுன்னு குறிச்சு வைங்க. அந்த அளவையும் உங்க பட்ஜெட்டையும் கீழே எழுதுங்க. அடுத்த வீடியோவில் அதிலிருந்து சில கேஸ்களை எடுத்து, மாசச் செலவு கணக்கோடு சேர்ந்தே பார்ப்போம்.